அணைந்ததும் திறக்கவும்

"நான் அந்த வரியைத் தொடவே இல்லன்னு எத்தனை தடவை சொல்றது?"

"கத்தாதீங்க நோரீன். கம்ப்யூட்டர் கத்துதா? அது பாட்டுக்கு அமைதியா உங்க பேரைச் சொல்லுது."

"அப்ப அந்தக் கம்ப்யூட்டரையே உட்கார வச்சு அடுத்த புத்தகத்தைத் திருத்தச் சொல்லுங்க! மத்தியானம் சாப்பாடுகூடக் கேட்காது!"

கதவுக்கு வெளியே நின்றிருந்த ராக்ஸி பாவ்லிச் தொப்பியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டினாள். "பாஸ், உள்ள போகலாமா? இல்ல, முதல் ரவுண்டு முடியட்டுமா?"

வெண்டெல் கூசிஸ்டோ கதவைத் தள்ளினார். தீ விபத்து என்றால் மற்றவர்கள் சாம்பலைக் கிளறுவார்கள். வெண்டெல் ஆட்களைக் கிளறுவார். பல வருடம் காப்பீட்டுக் கம்பெனியில் அதைத்தான் செய்தார். மனைவி போன பிறகு, அமெரிக்காவின் வடக்கே ஏரிக்கரையில் இருந்த டுலூத் நகரத்து மேட்டுத் தெருவில் தனி வீடு, கடைவீதி மாடியில் சொந்த ஆபீஸ், உதவிக்கு ராக்ஸி. அவள் வாய்க்குத் தனியாக ஒரு நாற்காலி போடலாம்.

உள்ளே மேஜைக்கு ஒரு பக்கம் ட்ரெவர் ஹாஸ்கெட் நின்றிருந்தான். ஹாஸ்கெட் அடுப்புக் கம்பெனியை ஆரம்பித்தவரின் பேரன். அதைத் தவிர அவனைப் பற்றிச் சொல்ல ஊரில் யாரிடமும் எதுவும் இல்லை. எதிரே நின்ற பெண் நோரீன் ஹால்பெர்க். எஞ்சினியர்கள் எழுதித் தள்ளுகிற அடுப்புக் கையேடுகளைப் படித்து, வெட்டி, மனிதருக்குப் புரிகிற மாதிரி ஆக்குவது அவர் வேலை. வெண்டெல் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் குடியிருந்தார். ஆனாலும் இருவரும் இதுவரை குளிரைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். குளிரைப் பற்றியும் நோரீன் ஒரே வார்த்தைதான் பேசுவார்: "குளிர்."

விஷயம் இதுதான். மரத்தூள் உருண்டைகளை எரித்து வீட்டைச் சூடாக்கும் அடுப்பு ஒன்றை இந்தக் கம்பெனி விற்கிறது. போன வாரப் பனிப்புயலில் ஏரிக்கரையோரம் ஒரு வீட்டில் கரண்டு போனது. கரண்டு போனால், உள்ளே நெருப்பு இருக்கிறதென்று காட்டும் சிவப்பு விளக்கும் போகும், நெருப்பு போகாது. வீட்டுக்காரர் ஸ்டென்க்விஸ்ட் கையேட்டை எடுத்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்தார். படித்தபடி அடுப்புக் கதவைத் திறந்தார். வலது கையும் கன்னமும் வெந்து போய் இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

பழைய பதிப்பில் இருந்த வரி: 'சிவப்பு விளக்கு அணைந்திருந்தாலொழியக் கதவைத் திறக்காதீர்கள்.' புதிய பதிப்பில் அதைச் சுருக்கியிருந்தார்கள்: 'சிவப்பு விளக்கு அணைந்ததும் கதவைத் திறக்கவும்.'

"முதல்ல இருந்தது 'கிட்ட போகாதே'," என்று ராக்ஸி வரும் வழியில் காரில் இதைப் படித்ததுமே சொல்லியிருந்தாள். "இப்ப இருக்கறது 'வா, வா'. இங்கிலீஷ்ல எண்ணினா ரெண்டு மூணு வார்த்தைதான் மிச்சம். அதுக்கு ஒரு மனுஷன் கை."

ட்ரெவர் ஒரு தாளை மேஜைமேல் தள்ளினான். "இந்தாங்க. உங்க கைவண்ணத்தை நீங்களே பாருங்க."

அதுவரை யாரும் அந்தப் பக்கத்தை நோரீனிடம் காட்டவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஒரே வரி. படித்து முடித்த பிறகும் கண்ணை எடுக்கவில்லை.

சிவந்திருந்த முகம் மெல்ல வெளுத்தது. கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"சரி," என்றார். "நான்தான்னு வச்சுக்கோங்க."

ட்ரெவர் கையைத் தட்டாத குறை. "கேட்டுக்கிட்டீங்கல்ல மிஸ்டர் கூசிஸ்டோ? நாளைக்குச் சாயங்காலம் டைரக்டர்கள் கூட்டம். எடிட்டர் நோரீன் ஹால்பெர்க்கோட கவனக்குறைவு, அதனால வேலை நீக்கம். நீங்க விசாரிச்சதா ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

நோரீன் கோட்டை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் போனார். அந்த அறிக்கை வெளியே போனால் இனி ஒரு சோப்புப் பெட்டியில் அச்சடிக்கிற வாசகத்தைக்கூட யாரும் அவரை நம்பித் தரமாட்டார்கள். அது அவருக்கும் தெரியும்.

காரில் ஏறியதும் ராக்ஸி சொன்னாள், "இவ்வளவு சுலபமான கேஸை நான் பார்த்ததே இல்ல. சீட்டுகூட இன்னும் சூடாகல."

"கத்திக்கிட்டிருந்தவங்க எப்ப அடங்கினாங்க?"

"அந்தப் பேப்பரைப் படிச்சதும்."

"தப்புப் பண்ணினவங்களுக்கு அதுல என்ன இருக்குன்னு முன்னாடியே தெரியும். இவங்களுக்குப் படிச்ச பிறகுதான் ஏதோ தெரிஞ்சிருக்கு." வெண்டெல் காரைக் கிளப்பினார். "அந்த வரியில ஒரு ஆளைப் பார்த்திருக்காங்க, ராக்ஸி."

---

நோரீனைப் பற்றி மேட்டுத் தெருவுக்குத் தெரியாதது குறைவு. வெள்ளிக்கிழமை ஒரு துண்டு மீன் வாங்குவார், ஒரே துண்டு. வீட்டில் நாலு நாற்காலி, தேய்ந்தது ஒன்று. இலையுதிர் காலத்தில் பித்தப்பை ஆபரேஷனுக்குப் போனபோது டாக்ஸியில் போய் டாக்ஸியில் வந்தார். எதிர்வீட்டு மிஸஸ் பெட்ரிச் திரைக்குப் பின்னால் நின்று பார்த்து, சூப் கொண்டுபோகலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தார். யோசித்து முடிப்பதற்குள் நோரீன் குணமாகி வேலைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் வெண்டெலும் ராக்ஸியும் மணியடித்தபோது அதே மிஸஸ் பெட்ரிச்சின் திரை அசைந்தது.

நோரீன் கதவைத் திறந்தார். "வாங்க. செருப்பு."

ராக்ஸி பனிச் செருப்பைக் கழற்றிக்கொண்டே முணுமுணுத்தாள், "ரெண்டு வார்த்தையில வரவேற்பும் ஆச்சு, திட்டும் ஆச்சு."

வெண்டெல் ஆரம்பித்தார். "அடிப்படையில, பொதுவாப் பார்த்தா, நடந்தது என்னன்னு—"

"அடிப்படையில வேண்டாம். பொதுவா வேண்டாம்," என்றார் நோரீன். "என்ன கேக்கணும்?"

"இந்த மாத்தம் நடந்தப்ப நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்க."

"வீட்டுக்கு வந்த பிறகு செஞ்சிருப்பேன்."

"இருப்பேனா?"

"செஞ்சேன்."

வெண்டெல் வற்புறுத்தவில்லை. அலமாரியில் திருத்திய பழைய தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. ஒரு கட்டை எடுத்துப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு.

"எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது," என்றார், வாழ்நாளெல்லாம் அதையே பேசி வளர்ந்த மனிதர். "'ஒன்ஸ்'ங்கற சாதாரண வார்த்தையை எதுக்கு எல்லா இடத்துலயும் அடிச்சு வச்சிருக்கீங்க? பாவம், அது என்ன பண்ணுச்சு?"

நோரீனின் முதுகு நிமிர்ந்தது. சமையல்காரியிடம் உப்பைப் பற்றிக் கேட்ட மாதிரி.

"அதுக்கு ரெண்டு அர்த்தம். 'ஒரு தடவை'ன்னும் ஆகும், 'ஆனதும்'னும் ஆகும். ஸ்பானிஷ்ல மொழிபெயர்க்கறவர் ஒருத்தர், 'சூடானதும் மூடவும்'னு வரவேண்டிய இடத்துல 'ஒரு தடவை சூடாக்கி மூடவும்'னு போட்டுட்டார். அன்னிலேருந்து என் கையால அந்த வார்த்தை ஒரு புத்தகத்துலயும் போனதில்ல. 'ஆஃப்டர்'னுதான் போடுவேன். யார் எழுதிக் குடுத்தாலும் அடிச்சுடுவேன்."

"ஒண்ணுல கூடவா போனதில்ல?"

"ஒண்ணுலயும் இல்ல."

ராக்ஸி சட்டைப்பையிலிருந்து அந்தப் புதிய பக்கத்தை எடுத்தாள். ஸ்டென்க்விஸ்டின் கையைச் சுட்ட வரி ஆங்கிலத்தில் எந்த வார்த்தையில் ஆரம்பிக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினாள். 'ஒன்ஸ்.'

நோரீன் அந்தக் கட்டை வாங்கி அலமாரியில் திரும்ப வைத்தார்.

"யாருங்க அது?" என்றார் வெண்டெல், தணிந்த குரலில்.

"பனி கூடுது," என்றார் நோரீன். "பத்திரமா போங்க."

தெருவில் இறங்கியதும் ராக்ஸி சொன்னாள், "நாலு வீடு தள்ளிப் போறதுக்கு 'பத்திரமா போங்க'வாம். அந்த அம்மா அகராதியில இது பெரிய சொற்பொழிவு பாஸ்."

வெண்டெல் திரும்பிப் பார்த்தார். சமையலறை விளக்கு மட்டும் எரிந்தது. தன் வீட்டையும் பார்த்தார். அதில் அதுகூட இல்லை.

---

மறுநாள் காலை ட்ரெவர் வருவதற்கு முன்னாலேயே இருவரும் கம்பெனிக்குள் இருந்தார்கள். கையேடு எழுதுகிற எஞ்சினியர்கள் மொத்தம் நாலு பேர். அவர்கள் நோரீனுக்கு அனுப்பிய பிரதிகளை ராக்ஸி மேஜைமேல் பரப்பினாள்.

"மூணு பேர் ஒழுங்கு. நோரீனோட அடிக்குப் பயந்து 'ஒன்ஸ்' பக்கமே போகல. நாலாவது ஆளு ஆர்லன் ஆஸ்ட்பி. அப்பா! ஒரு வாக்கியத்துல ஏறினா இறங்க ஸ்டாப்பே கிடையாது. 'மேற்சொன்ன கைப்பிடியானது பயன்படுத்துபவரால் பிடிக்கப்படும் நிலையில்'... கைப்பிடியைப் பிடின்னா போதாதா? பக்கத்துக்கு நாலு 'ஒன்ஸ்'. இவங்க அடிக்கறாங்க, அவர் மறுபடியும் எழுதறார். பதினஞ்சு வருஷமா!"

"முட்டாளா?"

"அப்படித்தான் நினைச்சேன். இங்க வாங்க."

நடைபாதையில் கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு அட்டை தொங்கியது: 'குடித்த கப்பைக் கழுவு. — ஆஸ்ட்பி.' கிடங்குக் கதவில் இன்னொன்று: 'இழு. தள்ளாதே. — ஆஸ்ட்பி.'

"கிடங்குக்காரங்க சொல்றாங்க, அவர் எழுதற சீட்டெல்லாம் தந்தி மாதிரி இருக்குமாம்," என்றாள் ராக்ஸி. "ஊருக்கெல்லாம் சுருக்கமா எழுதற ஆளு, நோரீனுக்கு மட்டும் எதுக்கு ரயில் நீளத்துக்கு எழுதறார்? வேணும்னே அந்த அம்மாவைப் படுத்தறார் பாஸ். பழைய பகை. கடைசியில அவங்க பேர்லயே வெடி வச்சுட்டார்."

வெண்டெல் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போன குளிர்காலத்துல ஜன்னல் கம்பெனி ஆளை நான் மூணு தடவை கூப்பிட்டு அனுப்பினேன்," என்றார். "காத்து வருதுன்னு."

"தெரியும். நான்தானே போன் பண்ணினேன்."

"காத்தெல்லாம் வரல, ராக்ஸி. ஆள் வந்தான்."

ராக்ஸி அந்த அட்டையை மறுபடியும் படித்தாள்.

---

அடுப்புகளை எரித்துப் பார்க்கிற சோதனைக்கூடம் தொழிற்சாலையின் கடைசியில் இருந்தது. ஆர்லன் ஆஸ்ட்பி நெட்டையான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். சுற்றிலும் எட்டுப் பத்து அடுப்பு எரிந்தும் ஸ்வெட்டரைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவர் மேஜை பக்கத்தில் காலியாக இன்னொரு நாற்காலி. அதில் மட்டும் தூசி இல்லை.

"அந்த நாற்காலி நோரீனுக்கா?" என்று கேட்டார் வெண்டெல்.

ஆர்லன் மறுக்கவில்லை. "ரொம்ப மோசமா எழுதி அனுப்பினா போன்ல சொல்லமாட்டாங்க. நேர்ல வருவாங்க. பென்சிலை எடுத்துக்கிட்டு. 'ஆர்லன், இது என்ன?'ம்பாங்க. பத்து நிமிஷம் இருப்பாங்க." கொஞ்சம் யோசித்தார். "கைப்பிடியைப் பத்தி எழுதினப்ப அரை மணி நேரம்."

"பதினஞ்சு வருஷத்துல ஒரு காபி குடிக்கக் கூப்பிட்டிருக்கலாமே சார்," என்றாள் ராக்ஸி.

"கூப்பிடலாம்னுதான் இருந்தேன்."

"என்னிக்கு?"

ஆர்லன் காலி நாற்காலியை இன்னும் கொஞ்சம் நேராக்கினார்.

"நோரீன் ஆஸ்பத்திரியில இருந்தப்ப என்ன நடந்துச்சு?" வெண்டெல் கேட்டார்.

"எல்லாக் கையேட்டையும் மூணுல ஒரு பங்கு குறைக்கணும்னு ட்ரெவர் உத்தரவு போட்டான். அவங்க வயித்துல தையலோட வந்து இதுல உட்காரணுமேன்னு இருந்துச்சு. அவங்க இல்லாதப்ப பக்கங்களை அச்செடுக்கறதுக்காகப் பாஸ்வேர்டை எங்கிட்ட குடுத்திருந்தாங்க. அவங்க பேர்லயே உள்ள போய், நானே உட்கார்ந்து குறைச்சேன். எல்லாம் அவங்க சொல்லித் தந்தபடிதான். ஒரே வரியில ரெண்டு 'இல்லை' வந்தா, திருப்பிப் போட்டு ஒரு 'ஆமா'வா ஆக்குன்னு எத்தனை தடவை ஓரத்துல எழுதியிருக்காங்க!" ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "எச்சரிக்கை வரியில மட்டும் அப்படிச் செய்யக்கூடாதுன்னு எனக்குத் தெரியல. நான் எழுதின எச்சரிக்கையை அவங்க ஒருநாளும் அடிச்சதில்ல. அதனால அதைப் பத்திச் சொல்ல வேண்டி வந்ததே இல்ல."

"அது தெரிஞ்சும் பேசாம உட்கார்ந்திருக்கீங்க. அங்க நோரீன் உங்களுக்காகத் தலையைக் குடுத்துட்டாங்க. இன்னிக்குச் சாயங்காலம் வேலை போகுது, பேரும் போகுது," என்றார் வெண்டெல்.

ஆர்லன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"நோரீனுக்கா? எதுக்கு? நான்தான் ஒத்துக்கிட்டேனே! ஸ்டென்க்விஸ்ட் விஷயம் காதுல விழுந்த அன்னிக்கே ட்ரெவருக்கு மெயில் போட்டேனே! எப்ப கூப்பிட்டு வெளிய போகச் சொல்வான்னு தினமும் காத்துக்கிட்டிருக்கேன்!"

வெண்டெலும் ராக்ஸியும் நேரே ட்ரெவரின் அறைக்குப் போனார்கள்.

---

"ஆஸ்ட்பி மெயிலா? ஆமா, ஏதோ வந்துச்சு," என்றான் ட்ரெவர், கோட்டைக்கூடக் கழற்றாமல். "முதல் பாராவுல இந்த வருஷக் குளிரைப் பத்தி எழுதியிருந்தார். ரெண்டாவது பாராவுலயும் குளிர்தான். அந்த ஆளு எழுதறதையெல்லாம் உட்கார்ந்து யார் படிக்கறது? சுருக்கித் தரச்சொல்லி அனுப்பிட்டேன்."

"யாருக்கு?"

"சுருக்கற வேலை யாருது? நோரீனுக்குத்தான்."

ராக்ஸிக்கு வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "அதாவது, நோரீன்தான் குத்தவாளின்னு சொல்லிட்டு, அவங்க குத்தவாளி இல்லங்கற வாக்குமூலத்தை அவங்களுக்கே வேலையா குடுத்திருக்கீங்க."

"என்னது?"

"பரவால்ல. நீங்க கோட்டைக் கழட்டுங்க."

வெண்டெல் நோரீனின் வீட்டுக்குப் போன் செய்தார். அவருக்கு முடிந்த அளவு சுருக்கமாகப் பேசினார். "உங்க கையில இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு. வந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

நோரீன் மதியத்துக்குள் வந்தார். அதுவரை திறந்தே பார்க்காத ஆர்லனின் நாலு பக்க மெயிலை அச்செடுத்துக்கொண்டு நேரே சோதனைக்கூடத்துக்குப் போய், அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆர்லன், இது என்ன?"

"அதுல... நீங்க இதைப் படிப்பீங்கன்னு நினைச்சு எழுதல."

"இருக்கட்டும்னு விட்டா நான் போகணும். திருத்தினா நீங்க போகணும்."

"திருத்துங்க," என்றார் ஆர்லன். "தயவுசெஞ்சு."

நோரீன் பென்சிலை எடுத்தார். குளிர் போனது. ஏரியும் பனியும் போயின. முதல் பக்கம் முழுவதும் போனது. மூன்றாவது பக்கத்தில் வேலை நின்றது. அந்தப் பக்கத்தில்தான் நாற்காலியைப் பற்றியும், பத்து நிமிஷங்களைப் பற்றியும், ஒருநாளும் கேட்காமல் விட்ட காபியைப் பற்றியும் ஆர்லன் எழுதியிருந்தார். கதவோரம் நின்றிருந்த வெண்டெலுக்கு அது தெரியாது. நோரீன் அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டாவது முறை படித்ததுதான் தெரிந்தது.

"இது அறிக்கைக்குத் தேவையில்ல," என்றார் நோரீன்.

"தெரியும்," என்றார் ஆர்லன்.

நோரீன் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோடாக அடித்தார்.

நாலு பக்கத்தில் மிஞ்சியது இரண்டு வரி: 'எச்சரிக்கை வரியை மாற்றியது நான். நோரீனுக்கு அது தெரியாது.'

ஆர்லன் அதன் கீழே கையெழுத்துப் போட்டார். ட்ரெவர் அதை முழுவதுமாகப் படித்தான்.

---

கூட்டத்தில் நோரீன் பெயர் அடிபடவில்லை. விற்ற கையேடுகளையெல்லாம் திரும்ப வாங்கிப் பழைய வரியை அச்சடித்துக் கொடுத்தார்கள். ஸ்டென்க்விஸ்டுக்கு விரல்கள் தேறின. கன்னத்துத் தழும்பை மறைக்கத் தாடி வளர்த்துக்கொண்டார், அது அவருக்கு நன்றாகவே இருக்கிறது என்கிறார்கள். ஆர்லனை அந்த வாரமே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஏரியின் தென்கரையில், மார்க்கெட் என்ற ஊரில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த கோடையில் நோரீன் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை முளைத்தது. ஆர்லன் இருக்கும் மார்க்கெட் ஊருக்குத்தான் போகிறார் என்று மேட்டுத் தெரு ஒருமனதாக முடிவு செய்தது. மிஸஸ் பெட்ரிச் கல்யாணத்துக்கு என்ன கேக் என்பது வரை போய்விட்டார். ஆனால் சாமான் ஏற்றிய லாரி நேரெதிர்த் திசையில் போனது. மேற்கே ஃபார்கோவில் ஒரு பெரிய டிராக்டர் கம்பெனி, களங்கமில்லாத பெயரைப் பார்த்து நோரீனை வேலைக்கு எடுத்திருந்தது.

ராக்ஸியும் பனி அள்ளும் லாரி ஓட்டுகிற ஒருவனைக் கட்டிக்கொண்டு க்ளோகே பக்கம் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெண்டெலுக்குப் போன் பண்ணுவாள். ஒரு ஞாயிறு இப்படித் தொடங்கினாள்:

"பாஸ், ஆர்லனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

வெண்டெல் ரேடியோவைக் குறைத்தார். "யாரோட?"

"அந்த ஊர் ரொட்டிக்கடைக்காரம்மா. புருஷனை இழந்தவங்க. வாய் ஓயாதாம். முதல் நாளே அவங்களே காபி குடிக்கக் கூப்பிட்டுட்டாங்களாம்."

"நோரீனுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஃபார்கோவுலேருந்து வாழ்த்து அட்டை அனுப்பியிருக்காங்க."

"என்ன எழுதியிருந்தாங்க?"

"ஒண்ணும் எழுதல பாஸ். வாழ்த்துதான் அட்டையிலயே அச்சடிச்சிருக்குல்ல. கீழ பேரு மட்டும்."